வாய்ப்பூட்டு போட்டால் வெறி அடங்குமா?

எங்காவது கலவரம் மூண்டால், "பேஸ்புக்கை மூடு! வாட்ஸ்அப்பை நிறுத்து!" என்று உடனே உத்தரவு பிறக்கிறது. அதனால் வெறி அடங்குகிறதா? அல்லது முன்னைவிட அதிகமாகிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியது இல்லை. நமக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கையில் 2018, 2019, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்தப் பரீட்சை நடந்தது. அதன் முடிவு என்ன என்று பார்ப்போம்.

மாவுக் கட்டி

இலங்கையின் கிழக்குப் பகுதியில் அம்பாறை என்று ஓர் ஊர் இருக்கிறது. 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 26-ந் தேதி இரவு, அங்கே முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்குச் சில சிங்களவர்கள் வந்தார்கள். குழம்பில் ஏதோ கட்டியாகக் கிடந்தது.

"இது என்ன? மலடாக்கும் மருந்துதானே?" என்று கடைக்காரரைப் பிடித்துக் கொண்டார்கள். அவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கூட்டத்தைக் கண்டு பயந்து போனார். "ஆமாம்" என்று சொல்லி விட்டார்.

அவ்வளவுதான். அதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டு விட்டார்கள். கடை நொறுங்கியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது.

பிறகு அரசாங்க ரசாயன நிபுணர்கள் அந்தக் கட்டியைப் பரிசோதித்தார்கள். அது வெறும் மாவுக் கட்டி! சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் கிடையாது என்று டாக்டர்களும் சொன்னார்கள். ஆனால், இந்த உண்மை வெளியே வருவதற்குள் அந்தப் பொய் ஊர் ஊராகப் போய் விட்டது.

கண்டியில் தீ

அதே சமயத்தில் கண்டி மாவட்டத்தில் இன்னொரு சம்பவம் நடந்தது. சாலையில் வண்டி ஓட்டியதில் ஏற்பட்ட தகராறில், சிங்கள லாரி டிரைவர் ஒருவரைச் சில முஸ்லிம் வாலிபர்கள் அடித்து விட்டார்கள். சில நாட்களில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

அடித்தவர்களைப் போலீசார் பிடித்து விட்டார்கள். விஷயம் கோர்ட்டில் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் பேஸ்புக்கில் "பழிக்குப் பழி" என்ற கூச்சல் கிளம்பியது. திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் நூற்றுக்கணக்கில் நாசமாயின. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் வாலிபர் பிணமாகக் கிடந்தார்.

மார்ச் 6-ந் தேதி அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 7-ந் தேதி பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றுக்குத் தடை விதித்தார்கள். சுமார் ஒரு வாரம் தடை நீடித்தது. கலவரமும் அடங்கியது.

"பார்த்தீர்களா, தடை போட்டதும் அடங்கி விட்டது!" என்று சிலர் சொன்னார்கள். அது முழு உண்மை அல்ல. அதே நாட்களில் ராணுவம் தெருவுக்கு வந்தது. ஊரடங்கு உத்தரவு போட்டார்கள். கலவரத்தைத் தூண்டியதாக ஒரு தலைவர் உள்பட பத்துப் பேரை 8-ந் தேதி போலீசார் கைது செய்தார்கள். இவற்றையெல்லாம் ஒதுக்கி விட்டு, பேஸ்புக்கை மூடியதற்கு மட்டும் பெருமை கொடுப்பது எப்படி?

முன்பே தடுத்திருக்கலாம்!

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பேஸ்புக்கில் முஸ்லிம்களுக்கு எதிராக நடக்கும் துவேஷப் பிரசாரத்தைப் பற்றி, கொழும்பில் உள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014-ம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டது. புகார் மேல் புகார் போயிற்று. ஆனால், சிங்களத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கவே அந்தக் கம்பெனியிடம் போதிய ஆட்கள் இல்லை!

"கொல்லுங்கள்" என்று எழுதினவனின் எழுத்தை அன்றைக்கே எடுத்திருந்தால், அத்தனை பேருடைய வாட்ஸ்அப்பையும் மூட வேண்டிய அவசியம் வந்திருக்குமா? 2020-ம் ஆண்டு மே மாதம், அந்தக் கலவரத்தில் தன் பங்குக்காக பேஸ்புக் கம்பெனி வருத்தம் தெரிவித்தது. எரிந்து போன வீட்டுக்காரருக்கு அதனால் என்ன பயன்?

தமிழில் பேசிய வெறி

அடுத்த ஆண்டு இதைவிடப் பெரிய விபரீதம் நடந்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் திருநாள். மூன்று மாதா கோவில்களிலும், கொழும்பு நகரின் மூன்று பெரிய ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஜெபம் செய்து கொண்டிருந்த குழந்தைகளும் தப்பவில்லை.

இந்தக் கொலைக் கூட்டத்தின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்த ஜஹ்ரான் ஹாஷிம். 2017-ல் அந்த ஊரில் நடந்த மோதலுக்குப் பிறகு அவன் தலைமறைவானான். ஆனால், அவனுடைய பேச்சு மறையவில்லை! ஒளிந்து கொண்டே தமிழில் பேசிப் பேசி, படமாக எடுத்து இணையத்தில் போட்டு வந்தான். இவனைப் பற்றி முஸ்லிம்களே போலீசில் புகார் கொடுத்திருந்தார்கள். குண்டு வெடிப்பதற்கு 17 நாட்களுக்கு முன்பு, ஏப்ரல் 4-ந் தேதி, இந்தியாவும் எச்சரித்தது. யாரும் கவனிக்கவில்லை.

குண்டு வெடித்தவுடன் முதல் வேலையாக பேஸ்புக்கை மூடினார்கள். 30-ந் தேதி வரை தடை நீடித்தது.

பலன் என்ன? மே 12-ந் தேதி சிலாபம் என்ற ஊரில் ஒரு முஸ்லிம் கடைக்காரர், "அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்" என்ற பொருளில் பேஸ்புக்கில் எழுதினார். அதைக் கொலை மிரட்டல் என்று எடுத்துக் கொண்டது ஒரு கூட்டம். மறுநாள் மறுபடியும் தடை போட்டார்கள். தடை இருக்கும்போதே குளியாப்பிட்டி, மினுவாங்கொடை ஆகிய ஊர்களில் கடைகள் எரிந்தன. ஒரு தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார்.

தடை போட்டவுடன் எல்லோருடைய பேச்சும் நின்று விடுவது இல்லை. வி.பி.என். என்று ஒரு வழி இருக்கிறது. இலங்கையில் இருந்து கொண்டே, வேறு தேசத்தில் இருந்து பார்ப்பது போலச் செல்போனைக் காட்டச் செய்யும் வழி இது. விவரம் தெரிந்த வாலிபர்கள் அந்த வழியில் போய் விட்டார்கள். வாட்ஸ்அப் மட்டுமே தெரிந்த தாய்மார்கள்தான் தவித்தார்கள். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று வெளிநாட்டில் உள்ள மகனுக்குச் சொல்லக்கூட அவர்களுக்கு வழி இல்லாமல் போயிற்று.

விரட்டினால் பலன் உண்டா?

அப்படியானால், வெறியர்களை இஷ்டம் போல் பேச விட்டு விடலாமா? கூடாது. தூண்டுபவனை மட்டும் குறிவைத்து விரட்டினால் ஓரளவு பலன் உண்டு. இதற்கும் அத்தாட்சி இருக்கிறது.

ஐ.எஸ். என்ற பயங்கரவாத இயக்கம் ஒரு காலத்தில் டுவிட்டர் மூலம் உலகம் முழுவதும் ஆள் பிடித்தது. 2015-ம் ஆண்டு நடுவில் இருந்து 2016 ஆகஸ்டு வரை, பயங்கரவாதத்தைத் தூண்டிய 3 லட்சத்து 60 ஆயிரம் கணக்குகளை மூடியதாக டுவிட்டர் கம்பெனி அறிவித்தது. புதுப் பெயரில் திரும்பி வந்தவர்களால் பழைய கூட்டத்தைச் சேர்க்க முடியவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். கடைத்தெருவில் நின்று கூவியவன் சந்துக்குள் போய் விட்டான். வழியில் போகிற பையன் காதில் அவன் குரல் விழுவது குறைந்தது.

ஆனால் சந்துக்குள் போனவன் திருந்தி விட்டானா? இல்லை. அவர்கள் டெலிகிராமுக்குப் போனார்கள். ரெட்டிட் என்ற அமெரிக்கத் தளத்தில் இருந்து விரட்டப்பட்ட சில குழுக்களைப் பற்றி 2021-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. போன இடத்தில் அவர்களுடைய கூட்டம் சிறுத்தது. ஒரு குழுவில் மிஞ்சியவர்களின் வெறியோ முன்னைவிடக் கூடியிருந்தது!

ஆகவே பேச்சை எடுப்பது பாதி வேலைதான். சந்துக்குள் போனவனைக் கண்காணிப்பது மீதி வேலை. அது போலீசாரின் பொறுப்பு. இலங்கையில் அந்தப் பொறுப்புத்தான் தவறியது. கடமை தவறியதற்காக அப்போதைய ஜனாதிபதி சிறிசேனா 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

கப்பல் சக்கரம்

பேச்சை அடக்கும் சட்டங்களில் இன்னோர் ஆபத்து உண்டு. அகப்பட வேண்டியவன் தப்புகிறான். அப்பாவி அகப்படுகிறார்.

2019 மே மாதம், ஹசலக என்ற ஊரில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் போலீசார் கைது செய்தார்கள். அவர் செய்த குற்றம் என்ன? அவருடைய உடையில் கப்பல் ஓட்டும் சக்கரத்தின் படம் இருந்தது. அதை புத்த மதத்தின் தர்மச் சக்கரம் என்று போலீசார் நினைத்து விட்டார்கள்! துவேஷப் பேச்சைத் தடுக்க வந்த சட்டத்தின் கீழ் அந்தப் பெண் சில வாரங்கள் சிறையில் இருந்தார். கைது செய்தது தவறு என்று சுப்ரீம் கோர்ட்டு பிற்பாடு கூறியது.

அதே மே மாதம் இன்னொன்றும் நடந்தது. முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசி வந்த ஞானசார தேரர் என்ற பிக்கு, கோர்ட்டு அவமதிப்புக்காகச் சிறையில் இருந்தார். ஜனாதிபதி அவருக்கு மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். 2021-ல் அவருக்கு ஓர் அரசாங்கக் குழுவின் தலைவர் பதவியும் கிடைத்தது. அவர் 2016-ல் பேசிய துவேஷப் பேச்சுக்காக 4 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2024-ல்!

உடைக்குச் சிறை, துவேஷத்துக்குப் பதவி என்றால், சட்டத்தின் மீது யாருக்கு நம்பிக்கை வரும்?

ஹிட்லருக்குத் தடை

இணையம் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, ஜெர்மனியிலும் இந்தத் தவறு நடந்தது.

1923 நவம்பரில், மியூனிச் நகரில் ஹிட்லர் ஆயுதக் கூட்டத்தோடு ஆட்சியைப் பிடிக்க முயன்றார். நான்கு போலீஸ்காரர்கள் உயிர் இழந்தார்கள். கோர்ட்டு என்ன செய்தது? ஹிட்லரை மணிக்கணக்கில் பிரசங்கம் செய்ய விட்டது. 5 ஆண்டு தண்டனை கொடுத்தது. தீர்ப்புக்குப் பிறகு 9 மாதம்கூட ஆகவில்லை. அவரை வெளியே விட்டு விட்டார்கள்.

அதன் பிறகு, 1925-ல், பொதுக்கூட்டத்தில் பேசக் கூடாது என்று பவேரியா மாகாணம் அவருக்குத் தடை போட்டது. மற்ற மாகாணங்களும் தொடர்ந்தன. கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாயைக் கட்டிப் போட்ட ஹிட்லரின் படத்தைச் சுவரொட்டியாக அடித்து ஊர் முழுவதும் ஒட்டினார்கள். கொலைகாரக் கூட்டத்தின் தலைவர், கொடுமைக்கு ஆளான தியாகியாகக் காட்சி அளித்தார்!

தடையினால்தான் ஹிட்லர் வளர்ந்தார் என்று சொல்லி விடவும் முடியாது. 1928 தேர்தலில் அவருடைய கட்சிக்கு 100-க்கு 3 ஓட்டுக்கூடக் கிடைக்கவில்லை. 1929-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ஜெர்மனியில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1930-ல் 100-க்கு 18 ஓட்டு, 1932 ஜூலையில் 37 ஓட்டு என்று கட்சி பெருத்தது. பசித்த வயிறும், தண்டனை பெறாத குற்றமும் அவரை வளர்த்தன. வாய்ப்பூட்டு இவை இரண்டையும் சரிசெய்யவில்லை.

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். குடியரசைக் காப்பாற்றுவதற்காக இருந்த அவசர அதிகாரத்தையே எடுத்து, மற்ற எல்லோருடைய வாயையும் அடைத்தார்.

அடுப்பு எரியாதபோது

அதிகாரம் கை மாறினால் என்ன ஆகும் என்பதை இலங்கையும் கண்டது. 2022-ல் அங்கே சமையல் எரிவாயு இல்லை. பெட்ரோல் இல்லை. மருந்து இல்லை. ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரல் 3-ந் தேதி சர்க்கார் பேஸ்புக், வாட்ஸ்அப், டுவிட்டரை மூடியது. இந்தத் தடவை எதிரே நின்றவர்கள் வெறியர்கள் அல்ல. அடுப்பு எரியாத வீட்டுக்காரர்கள்!

ஒரே நாளில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த மந்திரியே, "இந்தத் தடையால் பயன் இல்லை" என்று சொன்னார். ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சே நாட்டை விட்டே ஓடினார்.

2024 ஜனவரியில் இலங்கைப் பாராளுமன்றம் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இணையத்தில் வந்த ஒரு செய்தி பொய் என்று தீர்மானித்து, அதை நீக்கச் சொல்லும் அதிகாரம் ஐந்து பேர் கொண்ட கமிஷனுக்கு அதில் கொடுக்கப்பட்டது. நல்லவர்கள் கையில் இருந்தால் அது கவசம். கெட்டவர்கள் கைக்குப் போனால் அதுவே ஆயுதம். ஜெர்மனி இதைத்தான் கண்டது.

செய்ய வேண்டியது என்ன?

"கொல்லு, கொளுத்து" என்று தூண்டுகிறவனின் பேச்சை அன்றைக்கே எடுக்க வேண்டும். அவன் சிங்களத்தில் பேசினாலும் தமிழில் பேசினாலும் படித்துப் பார்க்க ஆள் வேண்டும். அவனைத் தாமதம் இல்லாமல் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். எந்த மதத்தவனானாலும் தண்டனை ஒன்றாக இருக்க வேண்டும். எதை நீக்கினார்கள், ஏன் நீக்கினார்கள் என்று கோர்ட்டு கேட்க வழி இருக்க வேண்டும்.

ஊர் முழுவதற்கும் பூட்டு போடுவது, வீடு எரியும்போது கிணற்றையும் சேர்த்து மூடுவது போல. பொய்யைப் பரப்பின அதே வாட்ஸ்அப் வழியாகத்தான், "அது வெறும் மாவுக் கட்டி" என்ற உண்மையும் போயாக வேண்டும்.

உங்கள் செல்போனுக்கும் நாளைக்கு ஒரு படம் வரலாம். பார்த்தவுடன் ரத்தம் கொதிக்கலாம். அதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன், அம்பாறைக் கடைக்காரர் பயத்தில் சொன்ன அந்த "ஆமாம்" என்ற ஒரு சொல்லை நினைத்துக் கொள்ளுங்கள்.