ஓசு சாந்தமூர்த்தி அல்ல

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் பெயரை எடுத்தாலே நம் திரைப்பட ரசிகர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஜென், தியானம், பற்றின்மை என்று அர்ச்சனை தொடங்கிவிடும். கோபமும் அரசியலும் அவர் படங்களில் வாசற்படி ஏறாது என்பது முடிந்த முடிவாகிவிட்டது. 1972-இல் அமெரிக்க விமர்சகர் பால் ஷ்ரேடர் எழுதிய புத்தகம் இந்த நம்பிக்கைக்கு உரம் போட்டது. 1941 மார்ச்சில் வெளிவந்த ஓசுவின் ‘தோதா குடும்பத்தின் உடன்பிறப்புகள்’ படத்தைப் பார்த்தவர்கள் இதை எப்படி ஏற்கிறார்கள்?

தோக்கியோவின் பெரிய மனிதர் தோதா திடீரென இறக்கிறார். கடன் வெளியே வருகிறது. வீடும் கலைப்பொருள்களும் விலைபோகின்றன. தாயும் கடைக்குட்டி செட்சுகோவும் மூத்த மகன் வீட்டுக்குப் போகிறார்கள். இரவில் மருமகள் வாசிக்கும் பியானோவால் மாமியாருக்குத் தூக்கமில்லை. அடுத்தது மகள் வீடு. அங்கே செட்சுகோ வேலைக்குப் போனால் குடும்ப மானம் போய்விடுமாம். கடைசியில் எவருக்கும் வேண்டாத குகெனுமா கடற்கரை வீடுதான் கதி. செத்தவர் வளர்த்த மைனாவும் கூடவே அலைகிறது.

இதை வாழ்வின் நிலையாமை என்று உருகுவது பித்தலாட்டம். மணமான பிள்ளைகளில் ஒருவர்கூட ஏழையாகவில்லை. எல்லோருக்கும் வசதியான வீடு இருக்கிறது, தாய்க்குத்தான் இடமில்லை. குடும்பத் தலைமையை மூத்த மகனுக்கே கொடுத்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. அந்தப் புனிதக் குடும்பத்தின் யோக்கியதையைத்தான் ஓசு தோலுரிக்கிறார். தந்தையின் முதலாண்டு நினைவுநாள் விருந்தில் இளைய மகன் ஷோஜிரோ உடன்பிறந்தவர்களை வறுத்தெடுத்து, ஒவ்வொருவராகப் பந்தியை விட்டு வெளியேற வைக்கிறான். இதுவா பற்றின்மை?

அரசியலுக்கு வருவோம். ஷோஜிரோ பிழைக்கப் போன ஊர் சீனாவின் தியான்ஜின். 1937 முதல் ஜப்பானிய ராணுவத்தின் பிடியில் இருந்த நகரம். தாயையும் தங்கையையும் அங்கேதான் அழைக்கிறான். அந்த நகரத்தைப் படம் ஒரு காட்சியிலும் காட்டுவதில்லை. புதுவாழ்வு தரும் வெற்றிடமாக மட்டும் அது பேச்சில் வருகிறது. ஓசுவும் ஒன்றும் அறியாதவரல்லர். 1937 முதல் 1939 வரை சீனாவில் சிப்பாயாக இருந்து திரும்பியவர்.

தணிக்கைக் காலம், வேறு வழியில்லை என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். இருக்கட்டும். தணிக்கையோடு சமரசம் செய்துகொண்டார் என்றால், அரசியலுக்கு அப்பாற்பட்டவர் என்ற பேச்சு அங்கேயே செத்துவிடுகிறதே!

குடும்பத்தின் போலித்தனத்தைச் சாடிய கூர்மையும், ஆக்கிரமிப்பைக் கண்டுகொள்ளாத குருட்டுத்தனமும் ஒரே படத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் விமர்சனம். மற்றதெல்லாம் வெறும் பஜனை.