அன்னதான வரிசையில் யாரு வெளிநாட்டுக்காரன்?

நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவுல ஒரு பேச்சு ஓடுது. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு நேப்பாளிகளும் தமிழ்நாட்டு ஆளுங்களும் நிறைய வர்றாங்களாம். "நம்ம பிள்ளைங்க வேலையப் பறிச்சவங்களுக்கு நம்ம காசுல சோறா? முதல்ல நம்மாளுங்களுக்குப் போடுங்க"ன்னு சிலர் எழுதுறாங்க. கரண்டி பிடிக்கிற தொண்டர்கள் நாங்க பதில் சொல்லியே ஆகணும்.

நம்ம தாத்தா பாட்டி இங்க எப்படி வந்தாங்க? மேல்நாட்டுல கார் ஓட ஆரம்பிச்சது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. வெள்ளைக்காரன் மலாயாவுல காட்டை அழிச்சுத் தோட்டம் போட்டான். 1910-ல சஞ்சிக்கூலி முறை நின்னுச்சு, ஆனா கங்காணி ஆள் சேர்க்கிறது நிக்கல. கடனோட கப்பலேறினவங்கதான் நம்ம முன்னோர். இன்னிக்கு ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிட்டு விமானம் ஏறி வர்றான் நேப்பாளி. கப்பல்தான் மாறியிருக்கு, கடன் மாறல.

1972-ல பினாங்கு பாயான் லெப்பாஸ்ல இன்டெல் தொழிற்சாலை திறந்தது. அதுக்குப் பின்னால வரிசையா கம்பெனிங்க வந்துச்சு. தோட்டம் கைமாறி லயத்துல இருந்து வெளியேறின குடும்பங்கள்ல பல பேருக்குத் தொழிற்சாலைதான் கதி. அந்தச் சம்பளத்துல எத்தனையோ வீட்டுல அடுப்பு எரிஞ்சது, பிள்ளைங்க படிச்சாங்க. அதை நாங்க மறுக்கல.

ஆனா வேலையைப் பறிச்சது யாரு? தொழிற்சாலையில ஆளுங்கள வச்சு வேலை வாங்குற எங்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வாடகை, மோட்டார் தவணை, பள்ளிச் செலவு எல்லாம் போனா நம்ம பையனுக்கு அது பத்தாது. கூடக் கேட்பான், கொடுக்கலன்னா வேற இடம் பார்ப்பான். நேப்பாளியால அது முடியாது. அவன் பெர்மிட் ஒரே முதலாளியோட கட்டியிருக்கு. வேலையை விட்டா ஊருக்குத் திரும்பணும், அங்க கடன்காரன் வாசல்ல நிப்பான். மலிவா உழைக்கணும்னு அவனுக்கு என்ன ஆசையா? வாய் திறக்க முடியாத ஆளாப் பார்த்து எடுக்கிறாங்க. அவன் வாய் அடைச்சுக் கிடக்கிற வரைக்கும் நம்ம பையன் சம்பளமும் ஏறாது.

கோபப்படுங்க, தப்பில்ல. ஆனா ஆள் மாறிக் கோபப்படாதீங்க. பெர்மிட்டை விலங்கா மாட்டுற முறையக் கேளுங்க. பாவப்பட்டவன்கிட்ட கமிஷன் அடிக்கிற ஏஜெண்டைக் கேளுங்க. இலையில உக்காந்தவனைக் கேட்காதீங்க.

வர்ற வெள்ளிக்கிழமையும் ஒரே வரிசைதான், ஒரே பந்திதான். மனசு ஒப்பாதவங்க வந்து எங்களோட ஒரு மணி நேரம் பரிமாறிப் பாருங்க.