கலப்பு என்றால் கேவலமா?

இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் 'போங்ஸோ' என்று இருந்தால் ஸ்டாஃப் ரூமில் நாமே சிரிக்கிறோம். "இது என்ன, அசல் சோனகப் பெயரா?" என்று வேறு கேட்கிறோம். மலாயில் போங்ஸோ என்றால் கடைக்குட்டி. கிச்சில் என்றால் சின்னவர். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம் லெப்பை மட்டும் வானத்திலிருந்தா விழுந்தது? பள்ளிவாசல் காரியம் பார்த்தவரின் பட்டம்தானே!

ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் அக்கம்பக்கத்துத் தீவுகளிலிருந்தும் சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவந்த மனிதர்கள் அவர்கள். நம் குடும்பங்களிலும் பெண் எடுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். சொல் மலாய், வினை மட்டும் தமிழைப்போலக் கடைசியில் வரும். அந்தப் பேச்சுக்குள் நம் உம்மம்மாமாரும் இருக்கிறார்கள்.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரும் தமிழரே என்றார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுத்து எழுதினார். அன்றைய அரசியலுக்கு அந்த மறுப்புத் தேவைப்பட்டது, சரி. இன்றும் நாம் அரபு இரத்தம் அளந்துகொண்டிருக்கிறோம். அதையும் தமிழிலேயே அளக்கிறோம்!

1921 முதல் 1947 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்த டி.பி. ஜாயா யார்? மலாயர். அவரை மேடையில் புகழ்ந்துவிட்டு, வகுப்பில் அவர் இனத்துப் பிள்ளையின் பெயரைக் கேலி செய்கிறோம்.

நாளைக்கு இடாப்புக் கூப்பிடும்போது அந்தப் பெயரை முழுதாக வாசிப்போம். எந்தப் பிள்ளையாவது சிரித்தால், நின்று அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவோம்.