இருப்பதை அறிந்தவரே இறந்ததைப் படிப்பர்

‘மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது’ என்பது நம் முன்னோர் மொழி. கடலில் மிதந்து வாழும் ரேடியோலேரியா என்னும் சிற்றுயிருக்கு இம்மொழி மிகவும் பொருந்தும். அதன் உடல் ஒரே ஒரு செல்லால் ஆனது. பெரும்பாலானவற்றின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் அது தனக்குக் கட்டிக்கொள்ளும் கூடு, கண்ணாடியை ஒத்த சிலிகாவால் ஆனது. பந்து போலவும், மணி போலவும், கூடை போலவும், முள் நிறைந்த விண்மீன் போலவும் விளங்கும் அக்கூடுகளை நுண்ணோக்கியில் கண்டவர் எளிதில் மறவார்.

உயிர் நீங்கியபின் இக்கூடுகள் கடலடியில் போய்ப் படிகின்றன. சுமார் 50 கோடி ஆண்டுகளாக இது நடந்து வருகிறது. சுண்ணாம்புக் கூடுகள் கரைந்துபோகும் பேராழத்திலும் சில பகுதிகளில் இவை சேறாகக் குவிந்து கிடக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளில் அச்சேறு உயர்வது சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரைதான். எனவே நீண்ட குழாயைக் கடலடியில் செலுத்தி எடுக்கும் பத்து மீட்டர் மண்ணில், பல இலட்சம் ஆண்டுகளின் வரலாறு ஏடு ஏடாக அடுக்கப்பட்டிருக்கிறது.

“சேற்றில் புதைந்த கூடுகளை எண்ணுவதால் யாருக்கு என்ன பயன்?” என்று கேட்போர் உளர். “புதைபடிவங்களைப் படித்தால் போதாதா? இன்று வாழ்பவற்றைத் தேடியும் கப்பலேற வேண்டுமா?” என்பார் வேறு சிலர். முதல் கேள்விக்கு வரலாறே விடை கூறுகிறது. இரண்டாவது கேள்விதான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது.

பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மெல்ல மாறுவதால்தான் பனியுகங்கள் வந்து போகின்றன என்று செர்பிய அறிஞர் மிலான்கோவிச் முன்பே கூறியிருந்தார். பலர் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹேஸ், ஜான் இம்ப்ரி, நிக்கோலஸ் ஷாக்கிள்டன் என்னும் மூவர் அதற்குச் சான்று காட்டினர். சான்று கிடைத்த இடம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடி. அங்கே எடுத்த இரண்டு மண் தூண்களில் ஏறத்தாழ 4,50,000 ஆண்டுகளின் வரலாறு இருந்தது. எந்த அடுக்கில் எந்த ரேடியோலேரியா இனம் எவ்வளவு என்று எண்ணி, அக்காலத்துக் கோடையில் கடல்நீரின் வெப்பம் கணக்கிடப்பட்டது. வேறொரு சிற்றுயிரின் சுண்ணாம்புக் கூட்டிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு உலகில் இருந்த பனியின் அளவு கணிக்கப்பட்டது. சுமார் 1,00,000, 42,000, 23,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஏற்ற இறக்கங்கள் இவற்றில் புலப்பட்டன. அவை பூமியின் அசைவுகளுக்குரிய கால அளவுகளோடு ஒத்திருந்தன!

செத்த கூட்டில் வெப்பமானி ஏதும் இல்லையே. பின் வெப்பம் எவ்வாறு தெரிந்தது? இன்றைய கடலில் எந்த இனம் குளிர்நீரின் கீழே மிகுந்துள்ளது, எது வெதுநீரின் கீழே மிகுந்துள்ளது என்று முதலில் அறிந்துகொண்டார்கள். அந்த அறிவைத் திறவுகோலாக்கிப் பழைய அடுக்குகளைத் திறந்தார்கள். திறவுகோல் நிகழ்காலத்தில் இருக்கிறது. பூட்டு மட்டுமே இறந்தகாலத்தில் இருக்கிறது.

மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. சைக்ளடோஃபோரா டேவிசியானா என்ற இனம் பனியுகக் காலத்துத் தென்கடல் மண்ணில் மிகுதியாகக் கிடைக்கிறது. இன்று அங்கே அது குறைவு. அதன் பொருள் என்ன? எத்தனை முறை எண்ணினாலும் பழைய மண் மட்டும் இதற்கு விடை சொல்லாது. இன்று அவ்வினம் மிகுந்திருப்பது ஆசியாவின் வடகிழக்கில் உள்ள ஓகோட்ஸ்க் கடலில். அங்கே மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உறைநிலையை ஒட்டிய குளிர்நீர் அடுக்கு உண்டு. அதற்கும் கீழேதான் இவ்வுயிர் வாழ்கிறது. பனியுகத்துத் தென்கடலும் இதையொத்த நிலையில் இருந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் ஊகிக்க இந்த உயிருள்ள சாட்சியே வழிகாட்டியது.

கூட்டை மட்டும் நம்பினால் ஏமாறவும் நேரும். கீழே விழும் வழியிலேயே பல கூடுகள் கரைந்துவிடுகின்றன. தடித்த கூடு தப்பும். மெல்லிய கூடு மறையும். ஆகவே மேலே வாழ்ந்த கூட்டம் முழுவதையும் கடலடி மண் காட்டுவதில்லை. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பலின் சேகரிப்பை ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1887இல் 4,318 இனங்களை விவரித்தார். அவற்றுள் 3,508 புதியவை. அத்தகைய பேரறிஞர் ஃபியோடேரியா என்னும் பிரிவையும் ரேடியோலேரியாவில் சேர்த்திருந்தார். அது வேறு குலத்தைச் சேர்ந்தது என்று 2004இல் மரபணு ஆய்வு காட்டியது. அதைச் சொன்னது கூடு அன்று, உயிருள்ள செல்லே.

இவ்வேலையின் அருமை அதன் பொறுமையில் இருக்கிறது. மண்ணை அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்பைக் கரைத்து, சல்லடையில் கழுவி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, நூற்றுக்கணக்கான கூடுகளை ஒவ்வொன்றாக இனம் கண்டு எண்ண வேண்டும். கேதரின் நிக்ரினி என்ற பெண் விஞ்ஞானி, இந்திய, அட்லாண்டிக் பெருங்கடல்களின் மண்ணிலுள்ள ரேடியோலேரியா பற்றிய நூலை 1967இல் வெளியிட்டார். 1979இல் மூர் என்பவருடன் சேர்ந்து இன்றைய இனங்களை அடையாளம் காண ஒரு கையேட்டையும் அளித்தார். பெயர் சரியாக இல்லாவிட்டால் எண்ணிக்கை தவறும்; எண்ணிக்கை தவறினால் வெப்பக் கணக்கும் தவறும். பெரிய முடிவுகளைக் கூறுவோர் புகழ் பெறுகின்றனர். பெயர் சூட்டி எண்ணிக் கொடுத்தவர்களை உலகம் மறந்துவிடுகிறது. இது முறையன்று.

இன்று இப்பணியில் அவசரமும் சேர்ந்திருக்கிறது. கடல் சூடேறி வருகிறது. மிதந்து வாழும் உயிர்கள் நீரின் வெப்பத்தைப் பின்பற்றி இடம் மாறக்கூடியவை. கடலடியின் மேல் மண்ணைப் பார்த்தால் இன்றைய நிலை தெரிந்துவிடும் என எண்ணுவதும் தவறு; அந்த மேல் சென்டிமீட்டர்களைப் புழுக்கள் கிளறிக் கலந்துவிடுவதால், அதில் நேற்றும் இன்றும் பல நூற்றாண்டுகளும் ஒன்றாகிக் கிடக்கின்றன. இன்று எந்த இனம் எந்த நீரில், எந்த ஆழத்தில் வாழ்கிறது என்பதை வலைவீசிப் பிடித்து இன்றே எழுதி வைக்க வேண்டும். புதைந்த மண் காத்திருக்கும். மாறும் கடல் காத்திராது. இன்று தவறவிட்ட குறிப்பை நாளை எந்தக் குழாயாலும் தோண்டி எடுக்க முடியாது.

ஆகவே கடலடி மண்ணைத் துளைக்கச் செலவிடுவோர், அதே கப்பலில் ஒரு வலைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். நுண்ணோக்கியின் முன் அமர்ந்து இனம் காணக் கற்பவருக்கு வேலையும் மதிப்பும் தரவேண்டும் என்பதே என் துணிபு.

அன்புத் தோழியரே! விஞ்ஞானம் என்றதும் ராக்கெட்டும் கணிப்பொறியும் மட்டுமே நம் கண்முன் வரவேண்டுமா? ஒரு சொட்டுக் கடல்நீரைக் கூர்ந்து நோக்கும் கண்ணும், சலிக்காமல் எண்ணும் மனமும் கொண்டவர்களுக்காக அத்துறை காத்திருக்கிறது. நம்மில் சிலரேனும் அதன் அழைப்பை ஏற்போமாக!