மார்கழி மாதத்து இடுப்பு

மார்கழி பிறந்தால் மற்றவர்களுக்குப் பக்தி வரும். எனக்குப் பசி வருகிறது.

எங்கள் மீஞ்சூருக்கு 'வட காஞ்சி' என்று பெயர். ஏகாம்பரநாதரும் உண்டு, வரதராஜப் பெருமாளும் உண்டு. அதாவது, விடிகாலையில் சிவன் கோயில் தொன்னை ஒன்று, பெருமாள் கோயில் தொன்னை ஒன்று. நான் சைவ, வைணவ பேதம் பார்க்காதவன்.

அதோடு விட்டதா? அனுமன் ஜெயந்திக்கு வடை. திருவாதிரைக்குக் களி. ராயபுரத்திலிருந்து வரும் ஆபீஸ் நண்பர் டிபன் பாக்ஸ் நிறைய கிறிஸ்துமஸ் கேக்கை அடைத்துக்கொண்டு வந்து, "நீங்க சாப்பிடலேன்னா எங்க வீட்டுல கோச்சுக்குவாங்க சார்" என்பார். கோபித்துக்கொள்ள விடலாமா? அப்புறம் புத்தாண்டு, போகிக்குப் போளி, பொங்கல், காணும் பொங்கல். நடுவில் வைகுண்ட ஏகாதசிக்கு ஒரே ஒரு நாள் பட்டினி. மறுநாள் துவாதசியில் வட்டியும் முதலுமாக வசூல்!

ஆண்டாளே திருப்பாவையில் 2-ம் பாட்டில் நெய்யும் பாலும் கிடையாது என்று நோன்பை ஆரம்பித்து, 27-ம் பாட்டில் கையெல்லாம் நெய் ஒழுகச் சாப்பிடுகிறாள். "அவளே அப்படி!" என்று மனைவியிடம் வாதாடினேன்.

"நடுவுல இருபத்து நாலு பாட்டு இருக்கே, அதையும் சொல்லுங்க" என்றாள்.

போன தை மாதம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சர்க்கரை இன்னும் உள்ளே வரலை. வாசல்ல நிக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவுக்கு 55 வயதில் காலில் ஒரு சின்னப் புண். அது இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. அவரும் "பண்டிகைதானேடா" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டவர்தான்.

2000-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் 195 பேரை நிறுத்துப் பார்த்தார்கள். பண்டிகைக் காலத்தில் சராசரியாக ஏறியது 370 கிராம்தான். 'பூ, இவ்வளவுதானா?' என்கிறீர்களா? வம்பே அதில்தான். ஏறியது, பண்டிகை முடிந்த பிறகும் இறங்கவில்லை. வருஷா வருஷம் இப்படியே போனால் பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட நாலு கிலோ!

இந்தியர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து என்கிறார்கள் நம் டாக்டர்கள். அளந்தேன். 97. டேப் மீது பழி போட முடியவில்லை. தையல்காரரிடம் வாங்கி வந்தது.

வழி இல்லாமலில்லை. 2018-ல் இங்கிலாந்தில் 272 பேரை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டி வாரத்துக்கு இரண்டு தடவையாவது எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். எந்தப் பண்டத்தைக் கரைக்க எவ்வளவு நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். இவர்களுக்கு எடை ஏறவில்லை. மற்றவர்களுக்கு ஏறியது.

எடை மிஷின் வாங்கிவிட்டேன். ஒற்றைப்படைத் தேதியில் சிவன் தொன்னை, இரட்டைப்படையில் பெருமாள் தொன்னை. கேக் ஒரே துண்டு. ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ கிடையாது, நடைதான்.

மார்கழி பாதி போயிற்று. முள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "அந்தக் காலத்துல சென்ட்ரல் ஸ்டேஷன் மிஷின்ல காசு போட்டா, எடையோட ஜோசியமும் வரும்" என்று அலுத்துக்கொண்டேன்.

மனைவி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "முள்ளு நகரலை இல்ல? அதுதாங்க நல்ல ஜோசியம்."