ஊரைச் சுற்றிப் போனால் அபராதமா?

'சாலைக் கட்டணத்தைக் கூட்டுங்கள், நெரிசல் தானாகக் குறையும்' என்று குளிர்சாதன அறையில் அமர்ந்து யோசனை சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். சிங்கப்பூரைப் பார், லண்டனைப் பார் என்கிறார்கள். பார்ப்போமே! முழுதாகப் பார்ப்போம்.

1975ல் சிங்கப்பூர் கட்டணம் விதித்தது யாருக்கு? காலை நேரத்தில் நகரின் மையத்துக்குள் காரில் நுழைபவருக்கு. நாளொன்றுக்கு 3 வெள்ளி. அதே காரில் நான்கு பேர் வந்தால் கட்டணமே இல்லை. லண்டனில் 2003 பிப்ரவரி 17 அன்று 5 பவுண்டு வசூல் தொடங்கியபோது, கூடவே 300 பேருந்துகளைப் புதிதாக இறக்கினார்கள். உள்ளே வந்தால் காசு, எல்லைச் சாலையில் சுற்றிப் போனால் காசில்லை. இதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

நம் கோவையில் நடந்ததோ நேர் தலைகீழ்! நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை சுமார் 28 கிலோமீட்டர் புறவழிச்சாலை. எல் அண்ட் டி நிறுவனம் 1990களின் இறுதியில் போட்டது. இரண்டே வழித்தடம். அதற்கு ஆறு சுங்கச்சாவடிகள்! 2025 ஆகஸ்டில்தான் ஐந்தை மூடினார்கள். மதுக்கரையில் வசூல் தொடர்ந்தது.

வாளையார் தாண்டி வரும் லாரி ஓட்டுநரின் கணக்கைச் சற்று யோசித்துப் பாருங்கள். புறவழியில் திரும்பினால் பணம் கட்ட வேண்டும். தடையில்லாத நேரமாகப் பார்த்து நேரே வந்தால் குனியமுத்தூர், ஆத்துப்பாலம், கரும்புக்கடை, உக்கடம். அவருக்குக் காசு மிச்சம். நமக்குப் புகை, இரைச்சல், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வீடு சேரும்வரை வயிற்றில் நெருப்பு. அவரைக் குறை சொல்ல முடியுமா? வாடகையில் மிஞ்சுவதே அற்பம். இந்த லட்சணத்தில் புறவழிக் கட்டணத்தை இன்னும் ஏற்றினால் எந்த நெரிசல் குறையும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 ஆகஸ்டில் உக்கடம் மேம்பாலம் திறந்தார்கள். 2025 அக்டோபரில் அவினாசி சாலையில் 1,791 கோடி ரூபாய் செலவில் 10 கிலோமீட்டர் மேம்பாலம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குள் நுழைபவருக்கு இலவசப் பாலம், ஊருக்கு வெளியே போகிறவருக்குச் சுங்கமா? இது எந்த ஊர் நியாயம்?

'பராமரிக்கப் பணம் வேண்டாமா?' என்பார்கள். வண்டி வாங்கும்போது சாலை வரி கட்டுகிறோம். பெட்ரோல், டீசல் ஒவ்வொரு லிட்டரிலும் சாலைக்கென்று தனி வரி கொடுக்கிறோம். அதற்கு மேலும் சாவடியில் நீட்டும் காசு லாரிக்காரரோடு நிற்பதில்லை. காய்கறி விலையில் ஏறி நம் அடுக்களைக்கே வந்து சேர்கிறது.

டவுன்ஹாலுக்குள் தனியாகக் காரில் வருபவரிடம் வசூலிக்கப் போகிறீர்களா? அதைப் பேசலாம். முதலில் பேருந்தை விடுங்கள்! மெட்ரோ கேட்டால், 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்று 2025 நவம்பரில் மத்திய அரசு கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது. மாற்று வழி தராமல் கட்டணம் மட்டும் போட்டால் அதற்குப் பெயர் பகல் கொள்ளை!

ஜமாஅத்தார், வணிகர் சங்கத்தார், லாரி உரிமையாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் எல்லோரும் சேர்ந்து திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். புறவழிச்சாலையில் கட்டணத்தை உயர்த்தாதே, அடியோடு எடு! சாலையை அகலப்படுத்து! உக்கடம், குனியமுத்தூர் வழித்தடங்களில் பேருந்துகளைக் கூட்டு!