வெள்ளிக்கிழமைக் கர்னல்

ஏப்ரல் 23 ஐ.நா. சபையின் ஸ்பானிஷ் மொழி நாள். செர்வாந்தெஸின் நினைவு நாள் என்று அந்தத் தேதியைப் பிடித்தார்கள். மனிதர் 1616-இல் இறந்தது 22-ஆம் தேதி, அடக்கம் செய்ததுதான் 23 என்கிறார்கள் ஆய்வாளர்கள். இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுவதாகப் பத்திக்காரர் ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். யாரோ அனுப்பிவைத்த 'அன்றாட ஸ்பானிஷ் வினைச்சொற்கள்' பட்டியல் காரியத்தைக் கெடுத்தது.

அதில் எஸ்பெரார் என்ற வினைக்கு எதிரே 'காத்திரு' என்று போட்டு முடித்துவிட்டார்கள். அகராதிக்காரர்களோடு இவருக்குள்ள பழைய பகை வாசகர்கள் அறிந்ததே. ஒரு சொல்லின் பொருளை 1, 2, 3 என்று கூறுபோடுகிறவர்கள்மேலேயே எரிந்து விழுகிறவர், ஒன்றோடு கடையைச் சாத்தியவர்களைச் சும்மா விடுவாரா?

எஸ்பெரார் காத்திருப்பது, எதிர்பார்ப்பது, நடக்கவேண்டுமென்று நம்புவது எல்லாம்தான். பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் அதே வினை, பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதே வினை. 'எஸ்பெரோ கே யேகே' என்றால் அவர் வருவார் என்று நம்புகிறேன். நடுவில் ஓர் 'அ' சேர்த்து 'எஸ்பெரோ அ கே யேகே' என்றால் அவர் வரும்வரை காத்திருக்கிறேன். மருத்துவரைப் பார்க்க உட்காரும் அறை சாலா தே எஸ்பேரா. நம்பிக்கைக்குப் பெயர் எஸ்பெரான்ஸா. லத்தீனில் இதன் தாய்ச்சொல்லான ஸ்பெராரே நம்பிக்கையைத்தான் குறித்தது. காத்திருப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் மொழி நாளை மறந்துவிட்டுப் பத்திக்காரர் அலமாரிக்குப் போய்விட்டார். எந்தப் புத்தகத்துக்கு என்று வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'கர்னலுக்குக் கடிதம் எழுத யாருமில்லை', 1961-இல் நூலாக வந்த குறுநாவல்.

கொலம்பியாவின் ஆயிரம் நாள் போரில் சண்டையிட்ட கிழவர். போர் 1902-இல் முடிந்தது. ஓய்வூதியச் சட்டம் வந்து 19 ஆண்டுகள். உரிமையை நிரூபிக்க 8 ஆண்டுகள், பட்டியலில் பெயர் ஏற மேலும் 6. அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூட இல்லை. வெள்ளிதோறும் தபால் படகு வரும், கர்னல் துறைக்குப் போவார், டாக்டருக்குச் செய்தித்தாள் கிடைக்கும். இவருக்கு எதுவுமில்லை. தான் எதையும் எதிர்பார்த்து வரவில்லை என்று டாக்டரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளியும் போய் நிற்பார். இந்த ஆள் காத்திருக்கிறாரா, நம்புகிறாரா? பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் வரிக்கு வரி ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளவேண்டும். மார்க்கேஸுக்கு அந்தத் தொல்லை இல்லை; அவருடைய வினை இரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்கிறது. தமிழில் 'எதிர்பார்த்திரு' ஓரளவு கிட்டே வரும்.

மார்க்கேஸுக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட கதையல்ல. அரகடகாவில் அவரை வளர்த்த தாத்தா நிக்கோலாஸ் மார்க்கேஸ் இதே போரில் கர்னல். ஓய்வூதியத்தை எதிர்பார்த்தே கண்ணை மூடினார். பேரன் 1956-இல் பாரிஸில் இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது, அவரை நிருபராக அனுப்பிய 'எல் எஸ்பெக்தாதோர்' பத்திரிகை ரோஹாஸ் பினில்லாவின் சர்வாதிகாரத்தில் மூடப்பட்டிருந்தது. சம்பளம் நின்றது, அறை வாடகை பாக்கி. தபாலில் பணம் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் எழுதிய கர்னல் இவர்.

இடையில் ஒரு சேவல் வேறு. கொல்லப்பட்ட மகன் விட்டுப்போனது, ஜனவரி 20-இல் சண்டைக்கு இறங்கவேண்டியது. வீட்டில் ஒன்றுமில்லை, அதற்கு மட்டும் தீனி. அதுவரை நாம் எதைச் சாப்பிடுவது என்று ஆஸ்துமாக்கார மனைவி கடைசிப் பக்கத்தில் உலுக்கிக் கேட்கிறாள். கர்னல் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார். அதை அச்சிட இந்த இதழின் ஆசிரியர் சம்மதிக்கமாட்டார்.